புங்கமரத்துத் தேமல்

இன்று காலை எங்கள் குடியிருப்பின் மாடிப்படியை ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிக் கழுவினார்கள். கதவைத் திறந்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி வாடை. எனக்கு அது நீ. தாவரவியல் துறையின் மூலை மேஜையில், கைப்பிடி உடைந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு எடுத்து மரப்பட்டைத் துண்டின் மேல் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்தபடி நிறம் மாறுகிறதா என்று பார்ப்பாயே, அந்த நீ. படியில் நின்றபடியே எனக்குக் கோபம் வந்தது. நீ போன ஐப்பசியிலிருந்து எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் சுலபமாக வருகிறது. உன்னோடு ஒரு சண்டை பாதியில் நிற்கிறது. அதைச் சொல்லிவிடத்தான் எழுதுகிறேன்.

நாம் இருவரும் மயிலாப்பூரில் ஒரே கல்லூரியில், ஒரே துறையில், ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீ சாந்தோமிலிருந்து நடந்தே வருவாய். நான் தி. நகரிலிருந்து பஸ்ஸில் கசங்கி வந்து சேருவேன். மற்றவர்கள் மூலிகை, திசு வளர்ப்பு என்று மரியாதையான விஷயங்களை எடுத்துக்கொண்டார்கள். நமக்கு மிஞ்சியது மரப்பட்டை. நிதி கேட்டு எழுதும்போதெல்லாம் இதனால் மக்களுக்கு என்ன பயன் என்று கேள்வி வரும். "இப்போதைக்கு ஒன்றும் இல்லை" என்று ஒருமுறை நீ நேர்மையாக எழுதியே அனுப்பிவிட்டாய். அதற்குப் பிறகு நமக்கு நிதியும் வரவில்லை, கேள்வியும் வரவில்லை.

லைக்கன் என்றால் எல்லோருக்கும் பிரியாணியில் போடும் கல்பாசிதான் நினைவுக்கு வரும். கல்பாசி இலை மாதிரி எழும்பி நிற்கும், கையால் பிய்த்து எடுத்துவிடலாம். நம்முடைய ஆட்கள் வேறு ரகம். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாகி, பொருக்கு மாதிரி பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டவை. தனியாக உரிக்க முடியாது. வேண்டுமென்றால் உளி வைத்துப் பட்டையையும் சேர்த்துத்தான் செதுக்க வேண்டும். நீ அவற்றைத் தேமல் என்றுதான் சொல்வாய். "அந்த வேப்பமரத்துக்குத் தேமல் வந்திருக்குடி, வா பாத்துட்டு வரலாம்" என்று வகுப்பறை வாசலில் வந்து நின்று கூப்பிடுவாய். பிள்ளைகள் சிரிக்கும்.

தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாத் தேமலும் ஒன்றுதான். லென்ஸ் வைத்தால் ஒன்று மாவு தூவினாற்போல் இருக்கும், ஒன்றில் சின்னச் சின்னக் கறுப்புத் தட்டுகள், ஒன்றில் குழந்தை கிறுக்கினாற்போல் கோடுகள். அந்தத் தட்டும் கோடும்தான் அவற்றின் காய். அதைப் பிளேடால் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்து, உள்ளே வித்து எத்தனை, நிறம் உண்டா, அதற்குள் எத்தனை அறை என்று பார்த்தால்தான் எந்தப் பேரினம் என்பதே தெரியும். பிறகு சொட்டு வைப்பது. பொட்டாஷ் காரக் கரைசல் ஒரு சொட்டு, ப்ளீச் ஒரு சொட்டு. பொட்டாஷ் பட்டுச் சாம்பல் மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பானால் ஒரு இனம். மஞ்சளோடு நின்றால் வேறு. அசையாமல் கிடந்தால் இன்னொன்று. இத்தனையும் செய்து ஒரு பெயரைப் பிடித்து முடிப்பதற்குள், எங்கோ யாரோ மரபணுவைப் பார்த்துவிட்டு அது அந்தக் குடும்பமே இல்லை என்று எழுதிவிடுவார்கள். "இதுங்களுக்கு வருஷா வருஷம் இனிஷியல் மாறுது" என்று நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வராது. மாய்ந்து மாய்ந்து மனப்பாடம் செய்தவள் நான். நீதான் முதலிலேயே எதையும் முழுசாக நம்பியிருக்க மாட்டாயே.

உன்னுடைய அந்த நம்பாத குணத்தோடுதான் என் பாதி வாழ்க்கை போயிற்று. செதுக்கிய பட்டையைக் காகிதப் பொட்டலத்தில் மடித்து மேலே பெயரை எழுதும்போது நான் பேனாவால் எழுதுவேன். நீ பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவாய். நான் சரிதான் என்று அடித்துச் சொன்னால், "இருக்கும், இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்பாய். அந்த ஒரு வாக்கியத்தால் நம் கட்டுரைகள் எத்தனை கிடப்பில் போயின. நமக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் பேராசிரியர் ஆனார்கள். நாம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அடையாற்றில் அந்தப் புங்கமரத் தெரு உனக்கு நினைவிருக்கும். இரண்டு பக்கமும் வரிசையாக மரங்கள், நடுவில் ஆட்டோக்கள், மரத்தடியில் இஸ்திரி வண்டி. அங்கேதான் அதைப் பார்த்தோம். கிறுக்கல் கோடுகள் உள்ள சாதாரணச் சாம்பல் தேமலுக்குப் பக்கத்தில், அதே அளவு, அதே கோடுகள், ஆனால் உடம்பு முழுக்கத் துருப்பிடித்த இரும்பு மாதிரி ஒரு சிவப்பு. நான் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. இந்த ஊரில், இந்தப் புகையில், யாரும் எழுதாத ஒன்று நம் கண்ணில் பட்டுவிட்டது என்று எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

நீ வழக்கம்போலச் சந்தேகப்பட்டாய். "காவியா இருக்கப்போகுதுடி" என்றாய். தெருவோர மரங்களுக்கெல்லாம் வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடிக்கிற ஊர் இது. அந்த மரத்திலும் எப்போதோ அடித்தது மழையில் கரைந்து திட்டுத் திட்டாக மிச்சம் இருந்தது. கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து அந்தச் சிவப்பைத் தேய்த்துப் பார்த்தாய். கைக்குட்டை அழுக்கானது, சிவப்பு போகவில்லை. பெயின்ட் இல்லை என்று நீயே ஒத்துக்கொண்டாய். வாக்கிங் வந்த ஒரு பெரியவர் நின்று, "மரத்துக்கு என்னம்மா வியாதி?" என்றார். "வியாதி இல்ல சார், வாடகைக்குக் குடியிருக்கு" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தச் சிவப்புத் தேமலுக்காக நாம் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? கோட்டூர்புரத்தில் நூலகத்துக்குப் பக்கத்து மரங்கள், மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றி, தி. நகரில் எங்கள் தெரு வரைக்கும் தேடினோம். சாலையோர மரங்களில் மட்டும் அங்கங்கே கிடைத்தது. அதுவும் மார்பு உயரத்துக்குக் கீழேதான். காம்பவுண்டு சுவருக்கு உள்ளே நிற்கும் மரங்களில் மருந்துக்குக்கூட இல்லை. நான் அதை வைத்து ஒரு பத்தியே எழுதினேன். இந்த இனம் வாகனத் தூசியையும் திறந்த வெளிச்சத்தையும் விரும்புவது, நகரச் சாலைக்கென்றே தகவமைந்தது என்று. எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் மரியாதை வந்தது. நீ படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்க. ஆனா காய் ஒண்ணுகூடப் பழுக்கல. வித்தே இல்லாம எதை வெச்சுடி புது இனம்னு சொல்றது?" என்றாய். எடுத்த எல்லாத் துண்டிலும் வித்துப் பைகள் சுருங்கிப்போய்க் காலியாக இருந்தன. இளசு, அடுத்த மழைக்குப் பழுக்கும், காத்திருப்போம் என்றாய். நிறம் ஒன்றே போதும் என்றேன் நான். அன்று கேன்டீனில் ஆரம்பித்த சண்டை அதற்குப் பிறகு ஓயவில்லை.

ஒருநாள் உன்னை மடக்குவதற்காக, "உன் பேரையே வைக்கிறேன், அப்பவாவது சம்மதிப்பியா?" என்று கேட்டேன். நீ முகத்தைச் சுளித்தாய். கூட எழுதுகிறவர் பெயரையே வைப்பது அசிங்கம், நமக்கு நாமே மாலை போட்டுக்கொள்கிற மாதிரி என்றாய். "எழுதறவ வரிசையில என் பேரு இருந்தா போதும், அது மேல ஒட்ட வேணாம்" என்றாய். சரி, அப்படியானால் கையெழுத்துப் போடு, அனுப்பலாம் என்றேன். இன்னும் கொஞ்சம் பாக்கலாம் என்றாய்.

மழை வந்தது. காய் பழுக்கவில்லை. நீ லேசான காய்ச்சல் என்று லீவு போட்டாய். நான் ஆர்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தபோதுகூடப் படுத்தபடியே, "அந்தத் தெருப் பக்கம் போனியா?" என்றுதான் கேட்டாய். அடுத்த வாரம் உன்னைச் சாந்தோம் கோயிலுக்குள் பெட்டியில் வைத்திருந்தார்கள். உன் தம்பி அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. எதையும் முடிக்காதவள், இதை மட்டும் இவ்வளவு அவசரமாக முடித்துக்கொண்டாளே என்று.

பொங்கல் கழிந்ததும் நான் ஒரு முடிவெடுத்தேன். இத்தனை வருடம் மரம் மரமாகத் தேய்ந்தவளுக்கு அச்சில் ஒரு இடம் வேண்டும். நீ உயிரோடு இல்லை, எனவே கூச்சப்படவும் முடியாது. எழுதுகிறவர் வரிசையிலிருந்து உன் பெயரை எடுத்தேன். எடுத்து, லத்தீன் வால் ஒன்று ஒட்டி, அந்தச் சிவப்புத் தேமலுக்கு வைத்தேன். இரண்டு இடத்திலும் இருந்தால் நீ சொன்ன அசிங்கம் ஆகிவிடும் என்றுதான் ஒன்றிலிருந்து எடுத்தேன். வரிசையில் இருக்கிற பெயரைவிட இனத்தின் பெயர் நிலைக்கும், யார் குடும்பத்தை மாற்றினாலும் அந்தக் கடைசிச் சொல் கூடவே போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கட்டுரையை அனுப்பிவிட்டேன்.

அந்தோணியிடம் சொன்னேன். அவன் மெக்கானிக் கடையில் ஒரு பைக்கை மல்லாத்திப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தான். கிரீஸ் கையோடு எழுந்து நின்றான். "எங்க அக்கா பேர்ல செடியா?" என்றான். "செடி இல்லப்பா, லைக்கன்" என்றேன். "ஏதோ ஒண்ணு. உலகம் பூரா அந்தப் பேருதான சொல்லுவாங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டான்.

ஆடிப்பெருக்கு கழிந்ததும் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. மதிப்பீடு செய்தவர் யாரோ, எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது. பழுத்த காய் உள்ள மாதிரித் துண்டு வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக எடுத்து அனுப்பவும் என்று எழுதியிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. நீ செத்த பிறகும் விடாமல் கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டு அதே கேள்வியைக் கேட்கிற மாதிரி இருந்தது. உளி, சுத்தி, லென்ஸ் எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு அடையாறு போனேன்.

சுதந்திர தினத்துக்காகத் தெரு முழுக்க மரங்களுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள், ஒரு பக்கெட் சுண்ணாம்பு, ஒரு தென்னைமட்டைப் பிரஷ். நம்முடைய மரத்துக்கு அடுத்த மரத்தில் இருந்தான். நான் ஓடிப்போய் நம்முடைய மரத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். "கொஞ்சம் இருப்பா, இந்த மரத்த மட்டும் அப்புறம் அடி" என்றேன். அவன் பிரஷைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான். "இன்னா மேடம், வேண்டுதலா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். "சரி, வேண்டிக்கோ. நான் இத முடிச்சுக்கினு வரேன்."

அவன் அடித்துக்கொண்டிருந்த மரத்தை அப்போதுதான் பார்த்தேன். பிரஷிலிருந்து தெறித்த சுண்ணாம்பு, அடித்த வெள்ளைப் பட்டைக்கு மேலும் கீழுமாகப் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. ஒரு சொட்டு, நாம் எத்தனையோ தடவை எடுத்த அதே சாதாரணச் சாம்பல் தேமலின் மேல் வழிந்திருந்தது. வழிந்த ஓரம் மஞ்சளாக இருந்தது. நான் லென்ஸை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நான் பார்க்கப் பார்க்க அந்த மஞ்சள் சிவப்பானது. துருப்பிடித்த இரும்பு மாதிரிச் சிவப்பு.

ஒரு குச்சியை அவன் பக்கெட்டில் தோய்த்து, நம்முடைய மரத்தில் கோடுகளோடு இருந்த ஒரு சாம்பல் தேமலின் மேல் வைத்தேன். அதுவும் மஞ்சளாகி, சிவப்பானது. பெயின்ட் ஆள் எட்டிப் பார்த்தான். "கலர் மாறுது" என்றான். "ஆமாம்பா." "நல்ல கலரா கீது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனான்.

பைக்குள் பொட்டாஷ் புட்டியை வைத்துக்கொண்டு ஊர் சுற்றியவர்கள் நாம். பொட்டாஷும் காரம், சுண்ணாம்பும் காரம். முதல் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. நாம் செய்கிற பரிசோதனையை இந்த ஊர் எல்லா மரத்திலும் பக்கெட் பக்கெட்டாக முன்கூட்டியே செய்து வைத்திருந்தது. நாம் அதன் விடையைப் பார்த்துவிட்டுப் புது இனம் என்றோம். மார்பு உயரத்துக்குக் கீழே மட்டும் இருந்ததற்குக் காரணம் தூசியும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அந்த ஆள் வெள்ளை அடிக்கிற உயரம் அது, காம்பவுண்டுக்கு உள்ளே அவன் வருவதில்லை. நீ சந்தேகப்பட்டாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காவியைச் சந்தேகப்பட்டாய். சிவப்பைப் பார்த்ததும் சிவப்புச் சாயத்தைத்தான் இருவரும் நினைத்தோம். பக்கத்தில் இருந்த வெள்ளையின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காய் இளசு என்று நீ சொன்னதும் தப்பு. அது சுண்ணாம்பில் வெந்த காய். இன்னும் எத்தனை மழை பார்த்தாலும் பழுத்திருக்காது. நீ சொன்ன காரணம் தப்பு, நீ அனுப்பாதே என்றது மட்டும் சரி. இது என்ன நியாயம்? உயிரோடு இருந்திருந்தால் இதற்காகவே உன்னை ஒரு வாரம் திட்டியிருப்பேன். நீயும் திருப்பிக் கொடுத்திருப்பாய். பிறகு இருவரும் கேன்டீனில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்திருப்போம். அன்று அந்த மரத்தடியில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நன்றி என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. வரிசையிலிருந்து உன் பெயரை நானே எடுத்துவிட்டேன். இனத்தின் பெயரும் போய்விட்டது. நம் வாழ்நாளின் பாதியில் உன் பெயர் அச்சில் வந்திருக்கக்கூடிய ஒரே இடம், அங்கே இப்போது ஒன்றும் இல்லை. இதற்காக நான் யார் மேல் கோபப்படுவது? சுண்ணாம்பு அடித்தவன் மேலா?

அந்தோணியிடம் போய்ச் சொன்னேன். சுண்ணாம்பு, பொட்டாஷ் என்று நான் பேசியது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. "அப்போ பேரு வராதாக்கா?" என்றான். "வராதுப்பா." ஸ்பேனரை எடுத்துத் துடைத்தான். கோயிலில் சொன்னவர்களை நினைக்கிறான் என்று நினைத்தேன். பிறகு, "வேற ஒண்ணுத்துக்கு வெக்க முடியாதா? மரம்தான் ஊரெல்லாம் கீதே" என்றான். அப்படி நினைத்தபோதெல்லாம் வைக்க முடியாது, யாரும் பார்க்காததாக இருக்க வேண்டும், கண்டுபிடிக்க வேண்டும் என்றேன். "சரி, கண்டுபுடி. சனிக்கிழமை நீ சும்மாதான இருக்க" என்றான்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் போகிறேன். பட்டினப்பாக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஆற்றோரமாக அடையாறு வரைக்கும். போன வாரம் பாலத்துக்கு அருகில் ஒரு பூவரச மரத்தில், வண்ணம் அடிக்காத பக்கத்தில், மாவு மாதிரி ஒரு பச்சைத் தேமல். நான் பார்த்ததே இல்லை. புதுசு என்று என் வாய் சொல்லிவிட்டது, சத்தமாகவே. சொல்லிவிட்டு, வழக்கம்போல் மறுப்பு வருவதற்காக நின்றேன். பஸ் ஒன்று போனது. யாரும் மறுக்கவில்லை. மறுக்காவிட்டால் அதை எப்படி நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் நானே மரத்தைச் சுற்றி வந்து, மறுபக்கத்தில் நின்று, இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு மரத்துக்கும் இப்போது இரண்டு பேர் வேலையை நான் ஒருத்தியே செய்ய வேண்டியிருக்கிறது. புதுசு என்று சொல்வது எனக்கு எப்போதும் சுலபம். உன் பங்கைச் சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் மரத்தைச் சுற்றி மறுபக்கம் போகிறேன்.